குமாரசுவாமி என்னும் பெயர் பூண்ட ஐவர்
(சைவ ஆசிரியர்களுக்கு ஒரு பாடக் குறிப்பு)

பெரியோர் சரித்திரங்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் புகும் ஆசிரியர்க்கு நேரும் இடர்கள் பல. அவற்றுள் ஒன்று, ஒரு பெயர் பலர்க்கு உரியதாய் நிற்றல். எமது யாழ்ப்பாண நாட்டிலே முருகப்பெருமானுடைய திருநாமங்கள் வீடுதோறும் வழங்குகின்றன. ஆறுமுகம், கந்தையா, கதிரவேலு, வேலாயுதம், சுப்பிரமணியம், குமாரசுவாமி என்று பெயர் பெறாத குடும்பம் அரிது. இஃது எமது சமயத்துக்குச் சிறப்பாயினும், சரித்திரம் கற்பிப்பார்க்கும் கற்பார்க்கும் மயக்கத்துக்கு ஏதுவாகின்றது.

இம்மயக்கத்தினாலே யாமே ஒருகால் இழுக்கியதுண்டு. அதனை மறையாது கூறுதல் பிறர்க்குப் பயன்படுமாதலின் ஈண்டுக் கூறுவாம். யாம் ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில், ஒருநாள் சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரைப் பற்றிப் பாடஞ் சொன்னோம். புலவருடைய புதல்வர் முத்துக்குமாரசுவாமிப்பிள்ளை என்பதை ஒரு நூலின் முகப்பிலே கண்டிருந்தோம். சட்டநிரூபண சபையிலிருந்த சேர் முத்துக்குமாரசுவாமி என்பவரும் குமாரசுவாமி என்பவருடைய புதல்வரே என்பதும் எமக்குத் தெரியும். இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்து, "சேர் முத்துக்குமாரசுவாமியைப் பெற்ற தந்தையார் இப்புலவரே" என்று துணிந்து கூறிவிட்டோம். ஆண்டுகள் இரண்டும் கரும்பலகையில் எம் கையாலேயே எழுதப்பட்டிருந்தன. பின்வாங்கிலிருந்த ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, தகப்பன் பிறந்தது 1854, மகன் பிறந்தது 1834 என்று எழுதியிருக்கிறீர்கள், தகப்பனிலும் மகன் இருபது வயசு மூப்போ?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. யாமும் உடன் நகைத்தோமாயினும், அன்றிரவு உறங்கினோமல்லோம். யாம் கற்ற மிஷன் பாடசாலையிலே, எதனையும் ஆண்டோடும் ஊரோடும் ஒத்துப் பார்த்தே எழுதல் வேண்டும் என்று எமக்குப் பயிற்றிய ஆசிரியரை அன்று நினைந்தோம். பயிற்சி இருந்தது, அதனைக் கைக்கொள்ளும் பொறுமையே இல்லாதுபோயிற்று. அம்மாணவனுடைய வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

பெயரும் முதலெழுத்தும்

குமாரசுவாமிகளை அறியுமுன், தமிழர் பெயரிடும் முறையைச் சிறிது ஆராய்தல் வேண்டும். ஐரோப்பியருள்ளே ஒருவர்க்கு இடுபெயர் ஒன்றும், குலத்துக்குத் தொன்றுதொட்டு வரும் குடும்பப்பெயர் ஒன்றும் உண்டு. நமக்கு அவ்வழக்கமில்லை. நமக்குள்ளது இடுபெயர் ஒன்றே. அதற்கு முன்னே தந்தையாருடைய பெயரின் முதலெழுத்தை வைத்தெழுதுதல் பிற்காலத்து வழக்கு. தந்தை பெயர் ஒரு தலைமுறை நின்று, அடுத்த தலைமுறையில் மறையும்.

ஆயினும் அது முற்றாக மறைவதன்று. மகனுக்கு மகன் பிறந்தபோது பாட்டனார் பெயரை இடுதல் நம் முன்னோர் வழக்கு. பெயரன் என்னுஞ் சொல்லே பேரன் என மருவிற்று. பாட்டனாரின் பெயரைப் பூண்டவன் என்பது அதன் பொருள். ஆகவே நம்மவருள் ஒரு பெயர் நேரே ஓடும் ஆறு போலன்றி, ஒரு தலைமுறை மறைந்து மறு தலைமுறையில் ஊற்றெடுக்கும் நீர்போல வருவது.

ஒரு பெயர் பலர்க்கு உரியதானபோது வேறுபடுத்தும் வழியையும் பண்டைத் தமிழரே நமக்குக் காட்டினர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதிலே ஊரும் தந்தையும் தோன்றின. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்பதிலே ஊரும் தொழிலும் தோன்றின. உறையூர் மருத்துவன் தாமோதரனார் என்பதும் அத்தகையதே. சங்கப் புலவர் பெயர்களைப் பிள்ளைகள் மனனம் பண்ணும்போது இவ்வடைமொழிகளை வெறுஞ்சுமையென எண்ணுவர். அவை சுமையல்ல, ஒருவரை மற்றொருவராக மயங்காதபடி காக்கும் வேலி என்று ஆசிரியர் விளக்குதல் வேண்டும்.

முதலெழுத்தும் அத்தகைய வேலியே. அது எதனைக் குறிக்கின்றது என்று அறியாதார்க்கு அது வெறும் எழுத்து. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களுடைய பெயரை எடுத்துக்கொள்க. அவர் 1832ஆம் ஆண்டிலே சிறுப்பிட்டியிற் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்று, பின்னாளிற் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சிலேற்றிய பெரியார். ஞானஸ்நானத்தின்போது அவர்க்கு இடப்பட்ட சார்ள்ஸ் வின்சுலோ என்னும் பெயரின் முதலெழுத்துக்கள் ஆங்கிலத்தில் அவர் பெயர்முன் நின்றன. அவர் சைவத்துக்கு மீண்ட பின்னர், தமிழிலே அவ்விடத்தில் நின்ற சி. என்பது சிறுப்பிட்டியையும், வை. என்பது தந்தையார் வைரவநாதரையும் குறிப்பவாயின. ஓசை ஏறக்குறைய ஒன்றே. உள்ளே நிற்பவர் வேறு. ஓரெழுத்திலே ஒரு சரித்திரம் அடங்குதல் இங்ஙனம்.

இனிக் குமாரசுவாமிகள் ஐவரையுங் காலமுறையாற் கூறுவாம்.

1. குமாரசுவாமி முதலியார் (1783–1836)

இவர் வடமராட்சியிலே, பருத்தித்துறைப் பகுதியிலுள்ள கெருடாவில் என்னும் ஊரைச் சார்ந்த குடும்பத்தவர். கொழும்பிலே அரசாங்க மொழிபெயர்ப்பாளராய்ப் பணிபுரிந்து, தமிழ்ப் பிரதம மொழிபெயர்ப்பாளர் பதவியும் முதலியார்ப் பட்டமும் பெற்றனர். ஆங்கில அரசினர் 1833ஆம் ஆண்டு இலங்கையிற் சட்டநிரூபண சபையை அமைத்தபோது, அதிலே தமிழருக்கு முதன்முதல் அங்கத்தவராக நியமனம் பெற்றவர் இவரே. நெடுநாள் அப்பதவியில் இருந்தாரல்லர், 1836இல் இறந்தனர். இவருடைய இடுபெயரே குமாரசுவாமி என்பதை மாணவர் நன்கு மனத்திருத்துக. கீழே வருவாருள் மூவர் பெயர்க்கு இதுவே மூலம்.

2. சேர் முத்துக்குமாரசுவாமி (1834–1879)

இவர் முதலியாருடைய புதல்வர். மூன்றாண்டு நிரம்புமுன்னே தந்தையை இழந்தவர். கொழும்பிலே கல்வி பயின்று நியாயதுரந்தரராகி, 1861இல் தந்தையிருந்த சபையிலே தாமும் அங்கத்தவராயினர். பின்னர் இங்கிலாந்து சென்று, 1863இல் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலே பாரிஸ்டர் ஆயினர். கிறித்தவரும் யூதருமல்லாத ஒருவர் இங்கிலாந்திலே பாரிஸ்டராக ஏற்றுக்கொள்ளப்பட்டது அதுவே முதன்முறை. சமயத்தை விடாது அப்பேற்றை அடைந்தார் என்பதைச் சைவ மாணவர் அறிதல் தகும். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்திலே பெயர்த்து அவ்வாண்டிலேயே வெளியிட்டனர். பாளிமொழியிலுள்ள சுத்தநிபாதத்தின் ஒரு பகுதியையும் 1874இல் ஆங்கிலமாக்கினர். சேர் என்னும் பட்டம் அவ்வாண்டு கிடைத்தது. 1879ஆம் ஆண்டு மே மாதத்திலே இறந்தனர். அவர்க்குப் பின் அச்சபையில் யார் அமர்வது என்னும் கேள்வி எழுந்தபோது, ஆறுமுகநாவலர் அவர்கள் இராமநாதன் அவர்களை ஆதரித்து முன்னின்றதும், அவ்வாண்டின் இறுதியிலே நாவலர் அவர்களும் சிவபதமெய்தியதும் ஆசிரியர் அறிந்தனவே.

இவர் பெயரிலே ஒரு நுட்பம் உண்டு. முத்துக்குமாரசுவாமி என்பது தமிழர்க்கு ஒரே பெயர். புள்ளிருக்குவேளூரிலே எழுந்தருளிய முருகப்பெருமானுடைய திருநாமம் அது. குமரகுருபர சுவாமிகள் பிள்ளைத்தமிழ் பாடியதும் அப்பெருமான்மீதே. ஆங்கில வழக்கிலோ முத்து என்பது இடுபெயராகவும், குமாரசுவாமி என்பது குடும்பப்பெயராகவும் இரண்டாகப் பிளந்து எழுதப்பட்டன. ஒரு தலைமுறையோடு மறையவேண்டிய தந்தை பெயர் இங்ஙனம் நிலைபெற்றது.

3. பொன்னம்பலம் குமாரசுவாமி (1849–1906)

முதலியாருடைய மகளார் செல்லாச்சி அம்மையாரை மணந்தவர் பொன்னம்பல முதலியார். கொழும்பு கொச்சிக்கடையிலுள்ள பொன்னம்பலவாணேசுவரர் திருக்கோயிலை முதலில் எடுப்பித்தவர் அவரே. அவர்க்குப் புதல்வர் மூவர். இளையவர் இருவராகிய சேர் பொன்னம்பலம் இராமநாதனையும் (1851–1930), சேர் பொன்னம்பலம் அருணாசலத்தையும் (1853–1924) யாவரும் அறிவர். மூத்தவராகிய குமாரசுவாமியை அறிவார் சிலரே. அவரும் 1893 முதல் 1898 வரை சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாய் இருந்தனர். தாயைப் பெற்ற பாட்டனாரின் பெயர் அவர்க்கு அமைந்தது. பெயரன் என்னுஞ் சொல்லுக்கு அவரே சான்று. இவர் குமாரசுவாமி ஆனது தமிழ் முறையாலே. அவருடைய மாமனார் ஆனது ஆங்கில முறையாலே. ஒரு குடும்பத்திலே ஒரே பெயர் இருவழியால் வந்தது காண்க.

4. சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922)

இவர்க்கும் மேற்கூறிய குடும்பத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இவர் தந்தையார் சுன்னாகத்து அம்பலவாணபிள்ளை. அ. என்னும் எழுத்து அவரையே குறிக்கின்றது.

இவர் சுன்னாகம் முருகேச பண்டிதரிடம் தமிழிலக்கண இலக்கியங்களைக் கற்றனர், வடமொழியிலும் வல்லுநராயினர். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏழாலையிலே தாபித்த சைவ வித்தியாசாலையிற் பல்லாண்டு கற்பித்தனர். 1902இல் வண்ணார்பண்ணையிலே நாவலர் அவர்கள் தாபித்த சைவப்பிரகாச வித்தியாசாலைக்குத் தமிழ்த் தலைமையாசிரியராய் வந்தனர். நாவலர் 1848இல் ஏற்றிய விளக்குக்கு அவருக்குப் பின்னர் நெய் வார்த்தவருள் இவர் ஒருவர் என்பது மிகையாகாது.

இவர் செய்த நூல்களும் உரைகளும் பல. மேகதூதக் காரிகை, இதோபதேசம் என்பன வடமொழிச் செல்வத்தைத் தமிழர்க்கு ஆக்கியன. யாப்பருங்கலக்காரிகைக்கும் தண்டியலங்காரத்துக்கும் திருவாதவூரர் புராணத்துக்கும் இவர் எழுதிய உரைகள் மாணாக்கர்க்குப் பெருந்துணையாயின. வினைப்பகுபத விளக்கம், இலக்கியச் சொல்லகராதி என்பன ஆசிரியர் கைக்கு உகந்தன. பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபின், அதன் செந்தமிழ்ப் பத்திரிகையிலும் இவர் கட்டுரைகள் வெளிவந்தன. தமிழ்ப்புலவர் சரித்திரம் என்னும் நூலும் இவரதே. ஒருபெயர்ப் புலவர் பலரைப் பிரித்தறியும் முயற்சி அத்தகைய நூலெழுதுவார்க்கு இன்றியமையாதது. அங்ஙனம் பிறரைப் பிரித்துக் காட்டிய பெரியாரையே யாம் பிறரோடு மயக்கினோம் என்பதை நினைக்குந்தோறும் நாணுகின்றோம்.

இவருடைய மாணாக்கருள் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் (1878–1958) தொல்காப்பியத்துக்கு விளக்கவுரைக் குறிப்புக்கள் எழுதிப் புகழ்பெற்றனர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) திருநெல்வேலியிலே ஆசிரியர்களையே உருவாக்கும் ஆசிரியராய் விளங்கினர். இன்று யாழ்ப்பாணத்திலே தமிழ் கற்பிக்கும் எம்மவர் தம் ஆசிரிய பரம்பரையை மேல்நோக்கி ஆராயின், பலர் இப்புலவரையே சென்றடைவர்.

புலவருடைய வரலாற்றை 1970இல் நூலாக எழுதியவர் அவர் புதல்வர் கு. முத்துக்குமாரசுவாமிப்பிள்ளை. கொழும்பிலே ஒரு குமாரசுவாமிக்கு மகன் ஒரு முத்துக்குமாரசுவாமி. சுன்னாகத்திலே ஒரு குமாரசுவாமிக்கு மகன் ஒரு முத்துக்குமாரசுவாமி. எம்மை வீழ்த்திய பள்ளம் இதுவே. ஆயின் சுன்னாகத்திலே குமாரசுவாமி என்னும் பெயர் கு. என்னும் ஓரெழுத்தாய் ஒடுங்கி நின்றது. கொழும்பிலே அது குடும்பப்பெயராய் விரிந்து கடல்கடந்தது.

5. ஆனந்த குமாரசுவாமி (1877–1947)

இவர் சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் அவருடைய ஆங்கில மனைவியார்க்கும் புதல்வர். கொழும்பிலே பிறந்து, இரண்டாண்டு நிரம்புமுன் தந்தையை இழந்து, இங்கிலாந்திலே தாயாரால் வளர்க்கப்பட்டவர். இலண்டன் சர்வகலாசாலையிலே பூமிசாத்திரமும் தாவரசாத்திரமும் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைவராய் இருந்தனர். தோரியனைற் என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்து வெளிப்படுத்தியவர் இவரே. கல்லை ஆராய வந்தவர் நாட்டுப்புறங்களிலே கம்மாளருடைய கைத்திறனைக் கண்டு, அது அழிந்துபோதலையுங் கண்டு இரங்கி, கலையாராய்ச்சியிலே தம் வாழ்நாளைச் செலுத்தினர். மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூலை 1908இல் வெளியிட்டனர்.

சைவர்க்கு இவர் செய்த பேருதவி நடராச வடிவத்தின் உண்மைப்பொருளை உலகம் அறியச் செய்தமை. சிவநடனத்தைப் பற்றி இவர் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை 1912இல் சித்தாந்த தீபிகை என்னும் பத்திரிகையில் வெளிவந்து, 1918இல் அப்பெயரோடு கூடிய நூலிலே சேர்ந்தது. உண்மை விளக்கம் முதலிய சித்தாந்த நூல்களையும் திருமந்திரத்தையும் ஆதாரமாகக் கொண்டே ஐந்தொழிலையும் விளக்கினர். வெறும் வெண்கலப் பாவையென்று ஐரோப்பியர் கருதியதன் உள்ளே ஒரு தத்துவசாத்திரம் நிற்கின்றது என்பதை அவர்தம் மொழியிலேயே அவர்க்கு உணர்த்தினர். 1917 முதல் அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நகர அருங்கலைச்சாலையிலே இந்தியக் கலைப்பகுதியைக் காத்து வளர்த்து, 1947இல் அந்நாட்டிலேயே இறந்தனர்.

உலகத்தார் இவரைக் குமாரசுவாமி என்றே அழைப்பர். அது அவர் பெயரன்று, தந்தையின் இடுபெயருமன்று, பாட்டனாருடைய பெயர். கெருடாவிலைச் சார்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இடப்பட்ட முருகன் பெயர் இங்ஙனம் பொஸ்ரன் நகரம்வரை சென்றது.

வகுப்பிலே கற்பிக்கும் முறை

ஐவரையும் மாணவர் மயங்காதிருக்க நான்கு வினாக்கள் போதும். ஊர் யாது? தந்தை யார்? காலம் யாது? செய்த பணி யாது? இந்நான்கையும் கரும்பலகையிலே நான்கு நிரலாக வரைந்து, மாணவரைக்கொண்டே நிரப்புவிக்க. நான்கில் ஒன்றேனும் பொருந்தாவிடின் இருவரும் ஒருவரல்லர். எம் வகுப்பு மாணவன் காலம் என்னும் ஒன்றைக்கொண்டே எம்மைத் திருத்தினான்.

பயிற்சியின்பொருட்டுக் கதிரைவேற்பிள்ளை இருவரை எடுத்துக்கொள்க. உடுப்பிட்டி கு. கதிரைவேற்பிள்ளையும் (1829–1904), மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளையும் வடமராட்சியினரே. இருவரும் தமிழகராதி தொகுத்தவரே. முன்னவர் தொகுத்தது மதுரைத் தமிழ்ச் சங்க அகராதியாய் வெளிவந்தது. பின்னவர் தமிழ்ப் பேரகராதி செய்தவர், சென்னையிலே திரு. வி. கலியாணசுந்தர முதலியார்க்கு ஆசிரியராய் இருந்து, 1907இல் இறந்தவர். பகுதியும் ஒன்று, பணியும் ஒன்று, இறந்த காலமும் அணித்து. இவர்களைப் பிரிப்பது கு. என்பதும் நா. என்பதுமாகிய இரண்டெழுத்துக்களே என்று காட்டின், முதலெழுத்தின் பெருமையை மாணவர் தாமே உணர்வர்.

அதன்பின் ஒரு வீட்டுவேலை கொடுக்க. ஒவ்வொரு மாணவனும் தன் முதலெழுத்து யாரைக் குறிக்கின்றது, பாட்டனார் பெயர் யாது, அவர் எவ்வூரவர், என்ன தொழில் செய்தார் என்று வீட்டிலே கேட்டு எழுதிவரல் வேண்டும். இஃது எளிய வேலையென்று எண்ணற்க. கடல்கடந்த நாடுகளிலே குடியேறிய எம்மவர் பிள்ளைகளை அந்நாட்டார் தந்தை பெயராலோ பாட்டன் பெயராலோ அழைக்கின்றனர். ஆனந்த குமாரசுவாமிக்கு நேர்ந்தது இன்று ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்கு நேர்கின்றது. தாம் சுமக்கும் பெயர் யாருடையது என்று அறியாது அதனைச் சுமத்தல் நன்றன்று.

இவ்வேலையைக் கொடுக்கும்போது ஆசிரியர் ஒன்றைக் கருத்தில் வைத்தல் வேண்டும். ஓராண்டு எம் வகுப்பிலே போர்க்காலத்தில் தந்தையை இழந்த மாணவி ஒருத்தி இருந்தாள். அவள் கைக்குழந்தையாயிருந்தபோதே அவர் மறைந்தனர். அவள் என்ன எழுதுவாளோ என்று அஞ்சி, வேலையைக் கொடுத்த பின்னர் யாம் வருந்தினோம். மறுநாள் அவள் எல்லாரினும் நீளமாக எழுதிவந்தாள். தாயாரும் பேர்த்தியாரும் இரவு நெடுநேரம் இருந்து சொன்னார்களாம். தந்தையாருடைய பெயரையும், அவர் படித்த பள்ளிக்கூடத்தையும், அவர் நட்ட மாமரத்தையும் எழுதியிருந்தாள். "இதுவரை அந்த எழுத்தை ஒரு புள்ளியோடு எழுதிவிட்டுப் போவேன், ஐயா" என்றாள், வேறொன்றும் கூறிற்றிலள்.

சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆனந்த குமாரசுவாமிக்கும் தந்தையின் முகம் நினைவிலிருந்திராது, பெயரே எஞ்சிற்று. ஒருவர் அப்பெயரைச் சட்டசபையிலும் மற்றவர் கலையுலகிலும் விளங்கச் செய்தனர். புலவரோ ஊரைவிட்டு நீங்காது, கற்பித்தலாகிய பணியாலே தம் பெயரையும் அ. என்னும் எழுத்தையும் விளக்கினர். எங்கே இருந்தனர் என்பதாலன்றி, என்ன செய்தனர் என்பதாலேயே ஒருபெயர் பூண்டார் பலரும் வேறுவேறாய் நிலைபெறுகின்றனர்.

ஆசிரியர்களே, நாளை வகுப்பிலே இடாப்பு வாசிக்கும்போது, ஒவ்வொரு பெயருக்கும் முன்னுள்ள எழுத்தையும் பிழையின்றி வாசிப்பீர்களாக. அவ்வெழுத்துக்குப் பின்னே ஒரு தந்தை நிற்கின்றார். குமாரக் கடவுள் திருவருளால் எம் பிள்ளைகள் தம்மையும் தம் முன்னோரையும் மயக்கமின்றி அறிந்து வாழ்வார்களாக.